ஹிட்லர் தேர்தலில் ஜெயித்தா சர்வாதிகாரி ஆனார்?

"ஹிட்லர் முறைப்படி தேர்தலில் ஜெயித்துத்தானே ஆட்சிக்கு வந்தார்? அவ்வளவு நல்ல அரசமைப்பு இருந்தும் ஜெர்மானியர்கள் ஏன் ஜனநாயகத்தைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தொலைத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாஜிகளுக்கு இவ்வளவு ஓட்டு எப்படி விழுந்தது என்பது ஒன்று. அந்த ஓட்டு எப்படி ஆட்சியாக மாறியது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலை வைத்தே இரண்டாவதையும் முடித்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. ஏனென்றால், சுதந்திரமாக நடந்த எந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் நாஜிக் கட்சி பெரும்பான்மை பெறவில்லை. அதன் உச்சம் 1932 ஜூலையில் வாங்கிய 37.3 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் அது 33.1 ஆகச் சரிந்தது. சரிந்து மூன்று மாதம் முடிவதற்குள் ஹிட்லர் சான்சலர், அதாவது நம் பிரதமரைப் போன்ற அரசின் தலைவர், ஆகிவிட்டார். விளக்க வேண்டியது இந்த முரணைத்தான். நான் அரசியலையும் அரசமைப்பையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். யூத வெறுப்பு எப்படி வளர்ந்தது, அது ஓட்டில் எவ்வளவு பங்கு வகித்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

முதலில் அரசமைப்பு. 1919 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வெய்மர் அரசமைப்பு (முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த ஜெர்மன் குடியரசின் அரசமைப்பு) ஒரே நேரத்தில் இரண்டு எஜமானர்களை உருவாக்கியது. ஒருபுறம் விகிதாசார முறையில் தேர்வாகும் நாடாளுமன்றம், அதாவது ரெய்க்ஸ்டாக். மறுபுறம் மக்கள் நேரடியாக ஏழாண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர். சிக்கல் மூன்று பிரிவுகளில் இருந்தது. 53ஆவது பிரிவின்படி சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் குடியரசுத் தலைவர். 48ஆவது பிரிவின்படி, பொது அமைதிக்கு ஆபத்து என்றால் அவர் அவசர ஆணை போடலாம். பேச்சுரிமை, கூடும் உரிமை, கடித ரகசியம், சொத்துரிமை உட்பட ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். இதற்குப் பூட்டும் இருந்தது: ரெய்க்ஸ்டாக் கேட்டால் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றாக வேண்டும். ஆனால் 25ஆவது பிரிவின்படி ரெய்க்ஸ்டாக்கைக் கலைக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. கலைத்தால் 60 நாளுக்குள் தேர்தல், தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் புதிய அவையின் கூட்டம். ஆக, ஆணையை எதிர்க்கும் அவையைக் கலைத்துவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் கேட்க ஆளில்லை. மூன்று பிரிவுகளும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவை. சேர்த்துப் பயன்படுத்தினால் நாடாளுமன்றம் இல்லாமலேயே ஆளலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இந்தியாவுக்கு வெய்மர் ஜெர்மனியிலிருந்து வந்தது என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இந்த 48ஆவது பிரிவுதான். நம்மிடம் 1978இன் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு 20, 21 ஆகிய உறுப்புகளை நிறுத்திவைக்க முடியாது, நெருக்கடிநிலைப் பிரகடனத்துக்கு ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

48ஆவது பிரிவு இருந்ததாலேயே குடியரசு செத்தது என்று சொல்லிவிடவும் முடியாது. முதல் குடியரசுத் தலைவர் ஃப்ரீட்ரிக் எபர்ட் அதை நூறு முறைக்கு மேல் பயன்படுத்தினார், பெரும்பாலும் 1920, 1923 போன்ற கலவர ஆண்டுகளில். ஆனால் அவர் குடியரசைக் காப்பாற்ற நினைத்தவர். 1925இல் வந்த ஹிண்டன்பர்க் முடியாட்சிக் காலத்துப் படைத் தளபதி. விதிகளை மீறாதவர் என்றாலும் நாடாளுமன்ற ஆட்சியில் பற்றில்லாதவர். அவரைச் சுற்றி இருந்தவர்கள், குறிப்பாக ராணுவ அமைச்சகத்தின் கூர்ட் ஃபான் ஷ்லைஷர், இடதுசாரியான சமூக ஜனநாயகக் கட்சியை ஆட்சியிலிருந்து விலக்கி, குடியரசுத் தலைவரின் நம்பிக்கையை மட்டும் நம்பி இயங்கும் அமைச்சரவையை விரும்பினார்கள்.

அதற்கான வாய்ப்பு 1930 மார்ச்சில் வந்தது. ஹெர்மன் முல்லர் தலைமையில் ஐந்து கட்சிக் கூட்டணி ஆட்சி. வேலையில்லாதோர் காப்பீட்டுச் சந்தாவைக் கூலியில் 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்துவதா, அல்லது உதவித்தொகையைக் குறைப்பதா என்று தகராறு. தொழிலதிபர்களுக்கு நெருக்கமான மக்கள் கட்சி உயர்த்தக் கூடாது என்றது. தொழிற்சங்கங்களின் அழுத்தத்தில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி சமரசத்தை ஏற்கவில்லை. அரை சதவீதத்துக்காக ஓர் ஆட்சி போனது. வெய்மரின் கடைசிப் பெரும்பான்மை ஆட்சி அதுதான். முல்லருக்கு 48ஆவது பிரிவைத் தர மறுத்த ஹிண்டன்பர்க், அடுத்து வந்த ஹைன்ரிக் ப்ரூனிங்குக்குத் தாராளமாகத் தந்தார். ஜூலையில் ப்ரூனிங்கின் நிதி ஆணையை ரெய்க்ஸ்டாக் ரத்து செய்தது. உடனே கலைப்பு. செப்டம்பரில் தேர்தல் வைத்தார்கள். 1928இல் 2.6 சதவீதமும் 12 இடமும் வைத்திருந்த நாஜிக் கட்சி 18.3 சதவீதத்தோடு 107 இடம் பிடித்தது. பட்டினியும் பயமும் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில், கட்டாயம் இல்லாத ஒரு தேர்தலைத் தாங்களாகவே வரவழைத்துக்கொண்டார்கள். என் பார்வையில், 1933 ஜனவரியில் ஹிட்லரைச் சான்சலராக்கியதற்கு அடுத்தபடியாக மிகப் பெரிய தவறு இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை எண்களே சொல்லிவிடும். 1930இல் ரெய்க்ஸ்டாக் 94 நாள் கூடியது, 98 சட்டம் நிறைவேற்றியது. அவசர ஆணைகள் 5. 1931இல் சட்டம் 34, ஆணை 44. 1932இல் கூடியது வெறும் 13 நாள், சட்டம் 5, ஆணை 66. ஹிட்லர் வரும்போது நாடாளுமன்ற ஆட்சி ஏற்கெனவே மூன்று வருடமாகக் கோமாவில் கிடந்தது. ஜனநாயகத்தின் வீழ்ச்சியை 1933இலிருந்து ஆரம்பிப்பவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

இனி ஓட்டுக்கு வருவோம். பள்ளிப் பாடத்தில் வெர்சாய் ஒப்பந்தம் (முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்டது), பணவீக்கம், பெருமந்தம் என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று பணம் காகிதமானது உண்மை. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு அழிந்ததும் உண்மை. ஆனால் அதன் பிறகு நாலரை வருடம் கழித்து நடந்த 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். எனவே பணவீக்கம் நேரடிக் காரணமாக இருக்க முடியாது. பழைய நடுத்தர வர்க்கக் கட்சிகள் மீதான பிடிப்பை அது தளர்த்தியது என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். வெர்சாயும் அப்படித்தான். அந்தக் கோபம் 1919 முதல் எல்லாக் கட்சிகளிலும் இருந்தது. நாஜிகளின் எழுச்சியோடு காலத்தில் பொருந்துவது மந்தம்தான். 1929 செப்டம்பரில் சுமார் 13 லட்சமாக இருந்த பதிவு செய்த வேலையில்லாதோர் 1932 தொடக்கத்தில் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். 1931 ஜூலையில் பெரிய வங்கிகளில் ஒன்றான டானாட் கதவை மூடியது. அரசோ விலையையும் கூலியையும் ஆணை போட்டுக் குறைத்துக்கொண்டிருந்தது. 1931 டிசம்பர் ஆணை கூலியை 1927 ஜனவரி நிலைக்கு இறக்கியது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. வேலையிழந்தவர்கள் கூட்டமாகப் போய் ஹிட்லருக்குப் போட்டார்கள் என்பது சரியில்லை. வேலையிழந்த தொழிலாளிகள் அதிகம் சாய்ந்தது கம்யூனிஸ்ட் பக்கம். நாஜிகளுக்குக் கொட்டியது புராட்டஸ்டன்ட் கிராமங்களிலும் சிற்றூர்களிலும்: கடனில் மூழ்கிய விவசாயி, சிறு கடைக்காரர், கைவினைஞர், ஓய்வூதியர். கைத்தொழிலிலும் சிறு பட்டறைகளிலும் இருந்த தொழிலாளர் ஓட்டும் கணிசமாக விழுந்தது. 1932 ஜூலையில் நாஜிகள் 50 சதவீதத்தைத் தாண்டிய ஒரே தேர்தல் மாவட்டம் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். வடக்கே உள்ள விவசாயப் பகுதி. கத்தோலிக்கர்கள் அதிகமான கொலோன்-ஆஹன் மாவட்டத்தில் அதில் பாதிகூட இல்லை. கத்தோலிக்கர்களுக்குச் சென்ட்ரம் கட்சி இருந்தது, தொழிலாளிகளுக்கு இரண்டு இடதுசாரிக் கட்சிகள் இருந்தன. நடுவில் இருந்த புராட்டஸ்டன்ட் நடுத்தர வர்க்கக் கட்சிகள் மட்டும் கரைந்து காணாமல் போயின. அந்த இடத்துக்குள்தான் நாஜிகள் புகுந்தார்கள்.

"விகிதாசார முறைதான் கெடுத்தது, நம்மைப் போல் தொகுதி முறை இருந்திருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டார்" என்ற வாதம் இங்கே அடிக்கடி வரும். 1932 ஜூலை முடிவை எடுத்துப் பாருங்கள். 608 இடத்தில் நாஜி 230, சமூக ஜனநாயகம் 133, கம்யூனிஸ்ட் 89. நாட்டின் பெரும் பகுதியில் முதலிடத்தில் இருந்தவர்கள் நாஜிகள். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறை இருந்திருந்தால் அவர்கள் அறுதிப் பெரும்பான்மையே பெற்றிருக்கக்கூடும். சிறு கட்சிகள் எரிச்சலூட்டியது நிஜம், ஆனால் அவையை முடக்கியவை பெரிய கட்சிகள். நாஜியும் கம்யூனிஸ்டும் சேர்ந்து 319. பாதிக்கு மேல். நவம்பரில் 584இல் 196ம் 100ம் சேர்ந்து 296. அதுவும் பாதிக்கு மேல். எதையும் கவிழ்க்க இந்த இரண்டு கட்சிகளால் முடியும், எதையும் சேர்ந்து கட்ட முடியாது. 1932 செப்டம்பரில், ப்ரூனிங்குக்குப் பின் சான்சலரான ஃபிரான்ஸ் ஃபான் பாப்பென் அமைச்சரவைக்கு எதிராக 512 ஓட்டு, ஆதரவாக 42.

இந்தப் பாப்பென் செய்த ஒரு காரியம் பின்னால் ஹிட்லருக்குப் பெரிதும் உதவியது. ஜெர்மனியின் மக்கள் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா மாநிலம். அங்கே சமூக ஜனநாயகத் தலைவர் ஆட்டோ பிரவுன் ஆட்சி நடந்தது, காவல்துறை குடியரசுக்கு விசுவாசமாக இருந்தது. 1932 ஜூலை 20 அன்று, ஆல்டோனாவில் நடந்த தெருச் சண்டையைக் காரணம் காட்டி, 48ஆவது பிரிவின் கீழ் அந்த அரசை நீக்கிவிட்டுப் பாப்பென் தானே பொறுப்பேற்றார். நம் ஊர் பேச்சில் சொன்னால் ஆட்சிக் கலைப்பு. சமூக ஜனநாயகக் கட்சி தெருவில் இறங்காமல் நீதிமன்றம் போனது. 1920இல் வலதுசாரிகள் ஆட்சியைப் பிடிக்க முயன்ற காப் கலகத்தை முறியடித்த பொது வேலைநிறுத்தத்தை ஏன் இப்போது செய்யவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். 60 லட்சம் பேர் வேலை தேடி நிற்கும்போது வேலைநிறுத்தம் என்ன செய்யும் என்ற அவர்களுடைய தயக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன். எதிர்த்திருந்தால் தோற்றிருப்பார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் விளைவில் சந்தேகமில்லை: ஆறு மாதம் கழித்து மத்தியில் வந்தவர் கையில் பிரஷ்யக் காவல்துறையும் சேர்ந்தே கிடைத்தது.

நவம்பர் தேர்தலில் நாஜிகள் சுமார் 20 லட்சம் ஓட்டை இழந்தார்கள். கட்சி கடனில் இருந்தது. டிசம்பரில் மூத்த தலைவர் கிரகோர் ஷ்ட்ராசர் பொறுப்புகளைத் துறந்தார். பாப்பென் இடத்தில் சான்சலரான ஷ்லைஷர் நாஜிகளைப் பிளக்கப் பார்த்துத் தோற்றார். பிறகு, ரெய்க்ஸ்டாக்கைக் கலைத்து 60 நாள் விதியையும் தாண்டித் தேர்தலைத் தள்ளிவைக்க அனுமதி கேட்டார். ஹிண்டன்பர்க் மறுத்தார். இதற்கிடையில் பதவி போன ஆத்திரத்தில் இருந்த பாப்பென் ஜனவரி 4 அன்று கொலோனில் வங்கியாளர் ஷ்ரோடர் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்துப் பேரத்தைத் தொடங்கியிருந்தார். ஜனவரி 30 அன்று அமைந்த அமைச்சரவையில் நாஜிகள் மூவர்தான்: ஹிட்லர், உள்துறையில் ஃப்ரிக், கோரிங். பாப்பென் துணைச் சான்சலர், பொருளாதாரமும் வேளாண்மையும் வலதுசாரி தேசியக் கட்சித் தலைவர் ஹுகன்பெர்க் கையில். மற்ற நாற்காலிகளில் நாம் இருக்கிறோம், ஹிட்லரை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். எத்தனை நாற்காலி என்று எண்ணினார்களே தவிர எந்த நாற்காலி என்று பார்க்கவில்லை. மத்திய உள்துறை ஃப்ரிக்கிடம். பிரஷ்யாவின் உள்துறை கோரிங்கிடம். நாட்டின் பெரும்பகுதிப் போலீஸ் அந்த இரண்டில் அடங்கியது.

பெருமுதலாளிகள்தான் பணம் கொடுத்து ஹிட்லரை ஏற்றினார்கள் என்பதும் பரவலான கருத்து. இதில் பாதிதான் உறுதி. 1933 ஜனவரிக்கு முன்பு கட்சியின் வருமானம் பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவும் கூட்ட நுழைவுக் கட்டணமுமே; பெருந்தொழில் பணம் அதிகம் போனது மற்ற வலதுசாரிக் கட்சிகளுக்கு. ஆனால் 1933 பிப்ரவரி 20 அன்று கோரிங் கூட்டிய தொழிலதிபர்கள் கூட்டத்தில் தேர்தலுக்கு 30 லட்சம் மார்க் கேட்கப்பட்டது, பணமும் வந்தது. ஏற்றியதில் அவர்கள் பங்கு விவாதத்துக்குரியது. ஏறியபின் தாங்கியது நிச்சயம். அதேபோல, ப்ரூனிங்கின் சிக்கனத்துக்கு மாற்று வழி இருந்ததா என்பதிலும் பொருளாதார வரலாற்றாளர்கள் பல பத்தாண்டுகளாக மோதுகிறார்கள். 1923ஐ நினைத்துப் பயந்த நாட்டில் கடன் வாங்கிச் செலவு செய்ய வழியே இல்லை என்று ஒரு தரப்பு. விருப்பம்தான் இல்லை என்று மறு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பு சற்று வலுவாகப் படுகிறது, ஆனால் இதைத் தீர்ந்த விஷயமாகச் சொல்லமாட்டேன்.

சான்சலர் ஆவதற்கும் சர்வாதிகாரி ஆவதற்கும் நடுவில் இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. பிப்ரவரியில் கோரிங், நாஜிக் கட்சியின் அடியாள் படைகளான எஸ்.ஏ., எஸ்.எஸ். உள்ளிட்டவற்றிலிருந்து சுமார் 50,000 பேரைத் துணைக் காவலர்களாக்கினார். அதுவரை தெருவில் அடித்தவர்கள் இப்போது கையில் பட்டை கட்டிக்கொண்டு அடித்தார்கள். பிப்ரவரி 27 இரவு ரெய்க்ஸ்டாக் கட்டடம் எரிந்தது. டச்சு இளைஞர் மாரினஸ் ஃபான் டெர் லுபே தனியாகவே கொளுத்தினார் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், நாஜிகளின் கை இருந்தது என்போரும் உண்டு. யார் கொளுத்தினாலும் அடுத்த நாள் ஆணைதான் முக்கியம். ஏழு அடிப்படை உரிமைகளும் நிறுத்தப்பட்டன. மாநில அரசுகளின் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. கைதுக்குக் காரணமோ காலவரம்போ தேவைப்படவில்லை. 1945 வரை அந்த ஆணை திரும்பப் பெறப்படவே இல்லை. மார்ச் 5 தேர்தல் அதன் நிழலில் நடந்தது. அப்போதும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான்.

மார்ச் 23 அன்று வந்தது, அமைச்சரவையே சட்டம் போடலாம், அது அரசமைப்புக்கு முரணாகவும் இருக்கலாம் என்ற அதிகாரமளிப்புச் சட்டம். கணக்கைப் பாருங்கள். மொத்தம் 647 உறுப்பினர்கள். அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 432 பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். கம்யூனிஸ்ட் 81 பேர் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரும் வராமல் இருந்திருந்தால் வராதோர் 201. இன்னும் 15 பேர் வராவிட்டால் கூட்டமே செல்லாது. அதனால் தக்க காரணம் இல்லாமல் வராதவரும் வந்தவராகவே கருதப்படுவார் என்று அவை விதியை முதலில் மாற்றினார்கள். முடிவு: ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டும், மண்டபத்துக்குள்ளேயே எஸ்.ஏ. ஆட்கள் நிற்க, ஆட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். நாஜிகளும் ஹுகன்பெர்க் கட்சியும் சேர்ந்து 340தான். வந்திருந்த 538 பேருக்குத் தேவையான 359ஐ அவர்களால் தனியாகத் தொட்டிருக்க முடியாது. மீதியைத் தந்தது சென்ட்ரம் கட்சியும் சிறு கட்சிகளும். சென்ட்ரம் தலைவர் லுட்விக் காஸ், திருச்சபை உரிமைகள் குறித்து ஹிட்லரிடம் கேட்ட எழுத்துபூர்வ உறுதி கடைசிவரை வரவில்லை. ஜூலை 5 அன்று அந்தக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது, 14 அன்று நாஜிக் கட்சி தவிர எல்லாம் தடை செய்யப்பட்டன.

எனவே "முறைப்படிதானே?" என்ற உங்கள் கேள்விக்கு: சான்சலர் நியமனம் வரை சட்டப்படி. அதன் பிறகு சட்டத்தின் வடிவம் மட்டும். உறுப்பினர்களைச் சிறையில் வைத்துவிட்டு எடுத்த வாக்கெடுப்பு அது. அந்தச் சட்டமே குடியரசுத் தலைவரின் உரிமைகளைத் தொடாது என்றும், மாநிலங்களின் அவை நீடிக்கும் என்றும் சொன்னது. 1934 பிப்ரவரியில் மாநிலங்களின் அவை ஒழிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஹிண்டன்பர்க் இறந்ததும் அவர் பதவியை ஹிட்லர் தன்னோடு இணைத்துக்கொண்டார்.

1949இல் மேற்கு ஜெர்மனி புதிய அடிப்படைச் சட்டம் எழுதியபோது, அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுக்காமல், பதவியில் உள்ள சான்சலரை நாடாளுமன்றம் கவிழ்க்க முடியாது என்று 67ஆவது பிரிவை வைத்தார்கள். இதுதான் வெய்மரிலிருந்து கற்ற பாடம் என்று பல நூல்கள் கொண்டாடும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முல்லர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் விழவில்லை; அவர் கூட்டணி உள்ளிருந்து உடைந்தது. ப்ரூனிங்கையும் ரெய்க்ஸ்டாக் கவிழ்க்கவில்லை, ஹிண்டன்பர்க் அனுப்பினார். ஷ்லைஷர் போனதும் ஹிண்டன்பர்க் கைவிட்டதால். 67ஆவது பிரிவு அன்றே இருந்திருந்தாலும் இந்த மூவரில் யாரையும் அது காப்பாற்றியிருக்காது. வேலை செய்தது வேறு மாற்றம்: குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தினார்கள், அவசர ஆணை போடும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்தார்கள், நாடாளுமன்றத்தைத் தன்னிஷ்டப்படி கலைக்கவும் விடவில்லை.